திரையில் வரும் நோயாளிக்கு எங்கள் வீட்டுக் கதையும் தெரிய வேண்டும்

மருத்துவம் படிக்கிற தம்பி தங்கைகள் பலர் இதை வாசிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் சனத்தின் எந்தக் கொண்டாட்டத்துக்குப் போனாலும் ஒவ்வொரு மேசையிலும் ஒரு மெடிக்கல் மாணவராவது இருப்பார். இன்று எழுதப்போவது அவர்களுடைய படிப்பில் வரும் ஒரு சின்னப் பகுதியைப் பற்றித்தான். ஆனால் அது மற்ற எல்லோரையும் தொடுகிற விஷயம். எப்படி என்று போகப் போக விளங்கும்.

கணினித் திரையில் ஒரு கற்பனை நோயாளி வருவார். மாணவர் அவரிடம் கேள்வி கேட்பார், பரிசோதனைகளைத் தேர்வு செய்வார், மருந்து எழுதுவார். அவர் எடுக்கும் முடிவுக்கு ஏற்ப நோயாளிக்கு அடுத்து என்ன ஆகும் என்பது மாறும். இரத்த நோய்களைக் கற்பிக்க இந்த முறையை இப்போது பல மருத்துவக் கல்லூரிகள் பயன்படுத்துகின்றன.

நான் டொக்டர் இல்லை. பொறியியலில் முதுகலை முடித்து, கணினித் துறையில் ஆலோசகராக வேலை செய்கிறவன். ஆனால் ஒரு மென்பொருள் மனிதர்களை எப்படிப் பழக்குகிறது என்பதைப் பார்ப்பதுதான் என் தொழில். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த முறை நல்லது, இன்னும் கூடுதலாக வேண்டும். ஆனால் அந்தக் கற்பனை நோயாளியை யார் எழுதுகிறார்கள், அவர் வாயில் என்ன வார்த்தைகளைப் போடுகிறார்கள் என்பதில் நாங்கள் அக்கறை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளைய டொக்டர்கள் எங்களைப் பற்றித் தவறான பாடத்தை மிகத் திறமையாகக் கற்றுக்கொள்வார்கள்.

ஒரு உதாரணம்

நானே ஒரு நோயாளியைப் போட்டுக் காட்டுகிறேன். 26 வயதுப் பெண். வேலைக்குப் போகிறவர். மூன்று மாதமாகக் களைப்பு என்று வருகிறார். மாணவர் இரத்தப் பரிசோதனையைத் தேர்வு செய்கிறார். முடிவு திரையில் வருகிறது.

ஹீமோகுளோபின் லீட்டருக்கு 112 கிராம். பெண்களுக்கு 120 இருக்க வேண்டும், ஆகவே கொஞ்சம் குறைவு. செங்குழியத்தின் சராசரி அளவைச் சொல்லும் எம்.சி.வி. 64. வழக்கமாக அது 80க்கும் 100க்கும் இடையில் இருக்கும். அதாவது செங்குழியங்கள் மிகச் சிறியவை. ஆனால் அவற்றின் எண்ணிக்கை லீட்டருக்கு 5.7 இலட்சம் கோடி, வழக்கத்தைவிடக் கூட.

இப்போது திரை கேட்கிறது: என்ன செய்யப் போகிறீர்கள்? இரும்பு மாத்திரை கொடுத்து மூன்று மாதம் கழித்து வரச் சொல்லலாம். உடம்பில் இரும்பு இருப்பு எவ்வளவு என்று காட்டும் ஃபெரிட்டின் பார்க்கலாம். ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் பரிசோதனைக்கு அனுப்பலாம்.

மாத்திரையை அழுத்தினால் காலம் மூன்று மாதம் தாவும். அதே பெண் திரும்ப வருவார். அதே களைப்பு, எம்.சி.வி. அதே 64, கூடுதலாக மாத்திரையால் வந்த மலச்சிக்கல். ஃபெரிட்டினை அழுத்தினால் அது சாதாரணமாக இருப்பது தெரியும். அப்போது மாணவருக்கு ஒரு கேள்வி வர வேண்டும்: இரும்பு போதுமான அளவு இருக்கிறது என்றால் செங்குழியம் ஏன் இவ்வளவு சிறியதாக இருக்கிறது? மூன்றாவது பரிசோதனை விடை சொல்லும். ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகை 5.2 சதவீதம். 3.5க்கு மேலே போனால் அது பீட்டா தலசீமியாவைக் கடத்துபவர் என்பதற்கான அடையாளம்.

கவனமான மாணவர் முதல் பக்கத்திலேயே சந்தேகப்பட்டிருக்கலாம். இரும்பு இல்லாவிட்டால் மூலப்பொருள் இல்லை, அதனால் செங்குழியங்களின் எண்ணிக்கையும் குறையும். தலசீமியாவைக் கடத்துபவரின் எலும்பு மச்சை சிறிய செங்குழியங்களை நிறையச் செய்து தள்ளும். 1973இல் மென்ட்சர் என்ற மருத்துவர் இதற்கு ஒரு சின்னக் கணக்குச் சொன்னார். எம்.சி.வி.யைச் செங்குழிய எண்ணிக்கையால் பிரியுங்கள். 13க்குக் கீழே வந்தால் தலசீமியாவை நினையுங்கள். இங்கே 64ஐ 5.7ஆல் பிரித்தால் ஏறத்தாழ 11. இது நிரூபணம் இல்லை, ஒரு கைகாட்டி மட்டுமே. ஆனால் அந்தக் கைகாட்டியைப் பார்க்கப் பழகினால் மூன்று மாதம் வீணாகாது.

இந்தச் சின்ன வித்தியாசம் ஏன் முக்கியம்? கடத்துபவர் நோயாளி இல்லை, அவர் நன்றாகவே வாழ்வார். ஆனால் அவருடைய துணையும் கடத்துபவராக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்குக் கடுமையான தலசீமியா வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அந்தப் பிள்ளைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஆயுள் முழுக்க இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றும் இரத்தத்தோடு சேரும் இரும்பை வெளியேற்றத் தனி மருந்தும் வேண்டும்.

என் மச்சாள் ஒருவருக்கு இரண்டு வருடம் இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் "மாத்திரையை ஒழுங்காக எடுக்கிறீர்களா?" என்ற கேள்வியும், "மரக்கறி மட்டுமா சாப்பிடுகிறீர்கள்?" என்ற கேள்வியும். அவர் ஆட்டிறைச்சிக் கறி இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை இருந்ததே இல்லை. கடைசியில் கர்ப்பகாலப் பரிசோதனையில்தான் அவர் தலசீமியா கடத்துபவர் என்று தெரிந்தது. கணவருக்கு உடனே பரிசோதனை. முடிவு வரும் வரை இரண்டு வீட்டிலும் யாரும் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை. அவருக்கு இல்லை என்று வந்தது. அந்த டொக்டர் கெட்டவர் இல்லை. "தென்னாசியப் பெண், களைப்பு, இரத்தம் குறைவு" என்றால் "இரும்பு" என்று அவருக்குப் பழகியிருந்தது. அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் நான் கதைக்கிறேன்.

இது எங்கிருந்து வந்தது

மருத்துவக் கல்விக்குக் கற்பனை நோயாளி புதியவர் இல்லை. 1963இல் அமெரிக்காவில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர், நோயாளியாக நடிக்க ஆட்களைப் பழக்கி மாணவர்களுக்கு முன்னால் உட்கார வைத்தார். 1969இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மருத்துவப் பாடத்திட்டம், பாடப் புத்தகத்தில் தொடங்காமல் ஒரு நோயாளியின் பிரச்சினையில் தொடங்கிப் படிக்க வைத்தது. பிறகு அது கணினிக்கு வந்தது.

லண்டனில் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. நாங்கள் தோசைக்கும் மளிகைச் சாமானுக்கும் போகிற டூட்டிங்கில் இருக்கும் செயின்ட் ஜோர்ஜஸ் மருத்துவக் கல்லூரி இந்தத் துறையில் முன்னோடிகளில் ஒன்று. தாளில் இருந்த நோயாளிக் கதைகளைக் கிளை பிரியும் இணையக் கதைகளாக மாற்றி, மாணவர் குழுக்கள் முடிவெடுத்து அதன் விளைவைச் சந்திக்கும்படி செய்தார்கள். 2007 முதல் 2010 வரை நடந்த ஈவிப் என்ற ஐரோப்பியத் திட்டத்திலும் அவர்கள் இருந்தார்கள். பல நாட்டுக் கல்லூரிகள் தங்கள் கணினி நோயாளிகளைப் பகிர்ந்துகொள்ள, மொழிக்கும் ஊருக்கும் ஏற்ப மாற்றிப் பயன்படுத்தத் தொடங்கிய திட்டம் அது.

கிளை பிரிப்பது சொல்வதற்குச் சுலபம். ஒரு கதையில் பத்து இடத்தில் முடிவெடுக்க வேண்டும், ஒவ்வொரு இடத்திலும் மூன்று தெரிவு என்று வையுங்கள். கிளைகள் திரும்பச் சேராவிட்டால் 59,049 பாதைகள். எந்தப் பேராசிரியரும் அத்தனையும் எழுதமாட்டார். ஆகவே பிழையான கிளை கொஞ்சத் தூரம் போய் மீண்டும் நடுப்பாதையில் சேரும்படி அமைப்பார்கள். எந்தப் பிழைகளுக்குத் தனிக் கிளை எழுதுவது, எவற்றை ஒரே வரியில் "தவறு, மீண்டும் முயலுங்கள்" என்று முடிப்பது என்று எழுதுபவர் தீர்மானிக்கிறார். எந்தப் பிழை பெரியது என்ற அவருடைய கணிப்பு அந்த இடத்தில் மென்பொருளுக்குள் போய்விடுகிறது.

இதனால் பயன் உண்டா? உண்டு. 2010இல் டேவிட் குக்கும் அவருடைய குழுவும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் கற்பிக்காமல் இருப்பதோடு ஒப்பிட்டால் கணினி நோயாளிகளால் பெரிய பலன். வேறு வழிகளில் கற்பிப்பதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சிறியது. 2019இல் வந்த இன்னொரு பெரிய தொகுப்பு, அறிவைப் பொறுத்தவரை வழக்கமான கற்பித்தலுக்குச் சமம், திறன்களைப் பொறுத்தவரை மேல் என்று சொன்னது. ஆகவே "திரையில் விளையாடுகிறார்கள், வார்டுக்குப் போகவேண்டியதுதானே" என்ற குறை முழுக்க நியாயமில்லை.

இரத்த நோய்களுக்கு இது இன்னும் பொருத்தம் என்பது என் எண்ணம். காரணம், அங்கே எண்களும் நுண்ணோக்கிப் படங்களும் அதிகம். அவை திரையில் அப்படியே வரும். இன்னொரு காரணம், சில நோய்கள் மிக அரிது, ஆனால் தவறவிட்டால் உயிர் போகும். டி.டி.பி. என்ற நோய் பத்து இலட்சம் பேரில் ஆண்டுக்கு ஒரு சிலருக்கே வருகிறது. சின்னச் சின்ன இரத்தநாளங்களில் கட்டிகள் உண்டாகும், இரத்தத்தட்டுக்கள் குறையும், செங்குழியங்கள் உடைந்து துண்டுகளாக நுண்ணோக்கியில் தெரியும். சிகிச்சை இல்லாவிட்டால் பத்தில் ஒன்பது பேர் இறப்பார்கள். சில மணி நேரத்துக்குள் பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை தொடங்கினால் பெரும்பாலானோர் பிழைப்பார்கள். தட்டுக்கள் குறைவாக இருக்கிறதே என்று தட்டுக்களை ஏற்றுவது அங்கே ஆபத்தாகலாம். ஒரு மாணவர் ஐந்து வருடப் படிப்பில் இப்படி ஒருவரையும் பார்க்காமலே போகலாம். திரையில் ஒருமுறை தவறவிட்டுப் பார்த்தவர், அவசரப் பிரிவில் இரவு இரண்டு மணிக்கு அதை நினைப்பார்.

பெயரே விடையாகிவிடும் ஆபத்து

இனிக் குறைகள். கணினிக்குப் படம் காட்டிக் கற்பிப்பவர்களுக்குத் தெரிந்த ஒரு பிரச்சினை இருக்கிறது. நெஞ்சு எக்ஸ்ரே பார்த்து நிமோனியாவைக் கண்டுபிடிக்கப் பழக்கிய ஒரு மென்பொருளைப் பற்றி 2018இல் ஒரு ஆய்வு வந்தது. பழக்கிய மருத்துவமனைகளில் நன்றாக வேலை செய்தது, வேறு இடத்தில் சறுக்கியது. படம் எந்த மருத்துவமனையில் எடுத்தது என்பதையே அது அடையாளம் கண்டுகொள்ளக்கூடியதாக இருந்தது. எந்த மருத்துவமனையில் நோயாளர் அதிகம் என்று தெரிந்தால் நுரையீரலைப் பார்க்காமலே பாதி விடை கிடைத்துவிடும்.

மாணவர்களும் இப்படிக் கற்கலாம். கணினி நோயாளியின் பெயர் ஆபிரிக்கப் பெயராக வந்தால் அரிவாள் உயிரணு நோய். சைப்பிரஸ் பெயர் என்றால் தலசீமியா. இந்தியப் பெயர், பெண் என்றால் இரும்புக் குறைபாடு. வெள்ளைக்காரப் பெயருக்கு வேறு எதுவும் வரலாம். நான் பார்த்த சில கதைகளில் பெயரையும் வயதையும் வாசித்தவுடன் என்னைப் போன்ற மருத்துவம் தெரியாதவனே விடையை ஊகிக்க முடிந்தது. நல்ல பரீட்சைப் புள்ளி வரும், ஆனால் அது மருத்துவம் இல்லை.

பரம்பரை முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. மலேரியா இருந்த நிலங்களில் இந்த மரபணு மாற்றங்கள் நிலைத்தன, அது உண்மை. ஆனால் அந்த நிலங்களின் எல்லை நாங்கள் நினைப்பதைவிடப் பெரிது. அரிவாள் உயிரணு மரபணுவை இந்தியாவில் முதலில் கண்டறிந்தது எங்கே தெரியுமா? தமிழ்நாட்டின் நீலகிரிப் பழங்குடி மக்களிடம், 1952இல், லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள். இந்தியா 2023இல் இந்த நோயை ஒழிக்க ஒரு தேசியத் திட்டமே தொடங்கியிருக்கிறது. இலங்கையில் தலசீமியாவுக்கென்று குருநாகலில் ஒரு தேசிய நிலையமே இருக்கிறது. ஹீமோகுளோபின் ஈ என்ற இன்னொரு வகை பீட்டா தலசீமியாவோடு சேர்ந்து வருவதும் அங்கே சாதாரணம். "தமிழ்ப் பெயர், ஆகவே இரும்பு" என்று பழகிய மாணவர் இதில் எதையும் தேடமாட்டார்.

ஆகவே எழுதுபவர்களிடம் நான் கேட்பது இது: ஒரே எண்கள், ஒரே நுண்ணோக்கிப் படம், ஆனால் பெயரையும் ஊரையும் ஒவ்வொரு மாணவருக்கும் மாற்றிக் காட்டுங்கள். மென்பொருளில் இது பத்து நிமிட வேலை. பெயர் மாறியதும் மாணவர்களின் தெரிவு மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் அதையே அடுத்த வகுப்பில் கலந்துரையாடுங்கள். பெயரை வைத்து ஊகிக்காமல், "உங்கள் குடும்பம் எங்கிருந்து வந்தது? சொந்தத்தில் யாருக்காவது இரத்தம் ஏற்றினார்களா?" என்று கேட்டால் மட்டும் திறக்கும் தகவலாகப் பரம்பரையை வையுங்கள்.

எண்ணாக வராத வலி

இரண்டாவது குறை இன்னும் பாரமானது. அரிவாள் உயிரணு நோயில் வரும் வலி நெருக்கடியை எந்த இரத்தப் பரிசோதனையும் அளந்து காட்டாது. நோயாளி சொல்வதை நம்ப வேண்டும், அவ்வளவுதான். இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் 2012இல் வெளியிட்ட வழிகாட்டி, இப்படி வருபவருக்கு 30 நிமிடத்துக்குள் வலி நிவாரணி கொடுக்கச் சொல்கிறது.

2019 ஏப்ரலில் லண்டன் மருத்துவமனை ஒன்றில் எவன் நேதன் ஸ்மித் என்ற 21 வயது இளைஞர் இறந்தார். அவருக்கு அரிவாள் உயிரணு நோய் இருந்தது. ஒட்சிசன் வேண்டும் என்று கேட்டுக் கிடைக்காமல், மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடியே 999க்கு அழைத்தார். உங்களில் பலருக்கும் அந்த வயதுதான். அதற்குப் பிறகு 2021 நவம்பரில் பிரித்தானிய நாடாளுமன்றக் குழு ஒன்று ஒரு அறிக்கை வெளியிட்டது. யாரும் கேட்கவில்லை என்பதுதான் அதன் தலைப்பு. ஊழியர்களுக்கு இந்த நோய் பற்றிய பயிற்சி போதாது என்பதையும், இனவெறியின் பங்கையும் அது வெளிப்படையாகச் சொன்னது.

இப்போது கணினி நோயாளியை நினைத்துப் பாருங்கள். அவர் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வார். அழமாட்டார், கோபப்படமாட்டார். நீங்கள் தேநீர் குடிக்கப் போனாலும் அதே இடத்தில் காத்திருப்பார். அவர் சொல்வதெல்லாம் உண்மை என்று மாணவருக்கு முன்னமே தெரியும். வார்டில் அப்படி இல்லை. "இவர் மருந்துக்காக நடிக்கிறாரோ" என்ற சந்தேகம் வருகிற இடத்தில்தான் ஆள் சாகிறார். அந்தச் சந்தேகத்துக்கு ஒரு கிளை எழுத வேண்டும். "இப்போது காத்திருக்கச் சொல்லுங்கள்" என்ற தெரிவை வையுங்கள். அதை அழுத்தினால் கடிகாரம் ஓடட்டும், ஒட்சிசன் அளவு இறங்கட்டும். மாணவர் அந்த விளைவைப் பார்க்கட்டும்.

இந்த நோயின் முதல் பதிவே ஒரு புலம்பெயர்ந்த மாணவரைப் பற்றியது. வோல்டர் கிளெமென்ட் நோயெல் கிரெனடாத் தீவில் இருந்து 1904இல் பல் மருத்துவம் படிக்கச் சிகாகோ வந்தவர். அவருடைய இரத்தத்தில் அரிவாள் வடிவச் செங்குழியங்களை முதலில் கவனித்தது ஏர்னஸ்ட் அயன்ஸ் என்ற பயிற்சி மருத்துவர். மூத்தவரான ஜேம்ஸ் ஹெரிக் 1910இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். நோயெல் படிப்பை முடித்து ஊருக்குத் திரும்பி, பல் மருத்துவராக வேலை செய்து, 1916இல் இறந்தார். கட்டுரையில் அவருடைய பெயர் இல்லை, நிறமும் வயதும்தான் இருந்தன. ஒரு மாணவரின் படிப்பு, குளிர்காலம், வீட்டை விட்டுத் தூரத்தில் இருந்தது எல்லாம் போய், ஒரு நோயின் அடையாளங்கள் மட்டும் மிஞ்சின. கணினி நோயாளிகளை எழுதும்போது இதைத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை.

நடுவில் இருக்கும் பிள்ளை

மூன்றாவது விஷயம் உங்களுக்கு நன்றாகத் தெரிந்தது. அம்மாவோடு அல்லது அம்மம்மாவோடு டொக்டரிடம் போய் மொழிபெயர்க்காதவர் எங்களில் யார்? எனக்குப் பதினொரு வயதில் தொடங்கிய வேலை அது.

அம்மம்மா "உடம்பு இயலாது" என்பார். "கை காலெல்லாம் உளையுது" என்பார். "உடம்பில இரத்தம் இல்லை" என்பார். இந்த மூன்றையும் ஒரு பிள்ளை "களைப்பாக இருக்கிறதாம்" என்று ஒரே ஆங்கிலச் சொல்லில் முடித்துவிடும். உளைவு என்பது எலும்புக்குள் இருக்கும் வலியாக இருக்கலாம். வயது போனவர்களில் எலும்பு வலியும் இரத்தச்சோகையும் சேர்ந்து வந்தால், டொக்டர் மைலோமா என்ற புற்றுநோயை நினைக்க வேண்டும். களைப்பு என்று மட்டும் கேட்டால் நினைக்கமாட்டார். மாதவிடாய் பற்றி, கருச்சிதைவு பற்றி, மலத்தில் இரத்தம் போவது பற்றி எந்தத் தாய் மகனை வைத்துக்கொண்டு சொல்வார்? இரத்த நோய்களில் இவைதான் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள்.

இப்படி மூன்று பேர் இருக்கும் அறையைக் கணினி நோயாளிக் கதைகளில் நான் இதுவரை காணவில்லை. நோயாளி எப்போதும் தெளிவாக, முழு வசனத்தில், மருத்துவர் விரும்பும் ஒழுங்கில் பேசுகிறார். ஒரு கதையில் அம்மா நீளமாகச் சொல்ல, பிள்ளை இரண்டு சொல்லில் மொழிபெயர்க்கட்டும். "தொழில்முறை மொழிபெயர்ப்பாளரை அழைக்கவும்" என்று ஒரு பொத்தான் இருக்கட்டும். அதை அழுத்தினால் மட்டும் மறைந்திருந்த தகவல் வெளியே வரட்டும். பிரித்தானியாவில் என்.எச்.எஸ். இடங்களில் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம் என்பதை மாணவர் அங்கேயே கற்றுக்கொள்வார்.

இப்போது செயற்கை நுண்ணறிவு நோயாளிகளும் வரத் தொடங்கிவிட்டார்கள். மாணவர் எதையும் தட்டச்சுச் செய்து கேட்கலாம், பதில் வரும். 59,049 பாதை எழுதும் பிரச்சினை தீர்ந்தது போலத் தெரியும். ஆனால் என் தொழில் அனுபவத்தில் சொல்கிறேன், அந்த மென்பொருள் தெரியாததை இட்டு நிரப்பும். இணையத்தில் எங்களைப் பற்றி அதிகம் எழுதப்பட்டது எதுவோ அதைக் கொண்டு நிரப்பும். நோயாளியின் உண்மைகளை ஒரு மருத்துவரும், அந்த நோயோடு வாழும் ஒருவரும் முதலில் எழுதிப் பூட்டி வைக்க வேண்டும். பேசும் விதத்தை மட்டும் மென்பொருளிடம் விடலாம்.

நீங்கள் என்ன செய்யலாம்

மருத்துவம் படிப்பவர்களே, உங்கள் கல்லூரியில் இந்தக் கதைகளை எழுதும் ஆசிரியர் யார் என்று கேளுங்கள். அநேகமாக அவருக்கு உதவி தேவைப்படும். மாணவர் திட்டமாக ஒரு நோயாளியை எழுதித் தருகிறேன் என்று சொல்லுங்கள். உங்கள் பெரியம்மா கதைக்கும் விதத்தில் அவர் கதைக்கட்டும். உண்மையான ஒருவரின் கதை என்றால் அவரிடம் சம்மதம் கேட்டு, அடையாளங்களை மாற்றி எழுதுங்கள்.

கணினி படிப்பவர்களே, விளையாட்டு செய்யத் தெரிந்தவர்களுக்கு இது செய்யத் தெரியும். கிளைக்கதையும் புள்ளிக்கணக்கும்தான். திறந்த மூலக் கருவிகள் இருக்கின்றன. மருத்துவம் படிக்கும் நண்பர் ஒருவரோடு சேர்ந்தால் ஒரு கோடை விடுமுறையில் ஒரு நல்ல கதையை முடிக்கலாம்.

மற்றவர்களே, உங்களுக்கும் வேலை இருக்கிறது. பழைய இரத்தப் பரிசோதனை முடிவு ஒன்றைத் தேடி எடுங்கள். எம்.சி.வி. 80க்குக் கீழே இருந்தால், இரும்பு இருப்பையும் ஹீமோகுளோபின் வகையையும் பார்க்க வேண்டுமா என்று உங்கள் டொக்டரிடம் கேளுங்கள். கடத்துபவர் என்று தெரிந்தால் சகோதரர்களுக்கும் மச்சான் மச்சாள்மாருக்கும் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. கல்யாணம் பேசும் வீட்டில் இதை மறைக்கும் பழக்கம் எங்கள் தலைமுறையோடு முடியட்டும். சாதகம் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும், அதோடு இந்த ஒரு பரிசோதனையையும் பார்க்கலாம்.

16 முதல் 30 வயதுக்குள் பிரித்தானியாவில் இருப்பவர்கள் அந்தனி நோலன் பதிவேட்டில் குருத்தணுக் கொடையாளராகவும் பதியலாம். இரத்தப் புற்றுநோய் வந்த ஒரு தமிழருக்குப் பொருந்தும் கொடையாளர் பெரும்பாலும் எங்களைப் போன்ற ஒருவராகத்தான் இருப்பார். அந்தப் பதிவேடுகளில் தென்னாசியர்கள் போதுமான அளவு இல்லை. கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியால் தடவி அனுப்புவது மட்டுமே முதல் வேலை.

என் மச்சாள் இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அவருடைய கதையை ஒரு கணினி நோயாளியாக எழுதலாமா என்று கேட்டேன். "எழுது, ஆனா நான் ஆட்டிறைச்சி சாப்பிடுறனான் எண்டதையும் மறக்காமப் போடு" என்றார். மருத்துவம் படிக்கும் ஒரு தங்கையும் நானும் சேர்ந்து அதை எழுதிக்கொண்டிருக்கிறோம். முடிந்ததும் அதை ஒரு கல்லூரி ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டுவோம்.